ஏழு இருபதுக்கு மொட்டை மாடி

ஜனவரி 8, வியாழன்
பனி. ஏரிக்கரையில் நான்கு கி.மீ. முழங்கால் பரவாயில்லை. அரை டம்ளர் அரிசி போட்டும் சோறு மிச்சம்.

ஞாயிறு நடக்கும் விழுப்புரம் ஓட்டத்தின் பாதை வாட்ஸ்அப்பில் வந்தது. பத்து கி.மீ. எட்டாவது கி.மீ. என் மகள் சுகன்யா வீட்டுத் தெரு! திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதேதான். அவள் மாமியாருக்கும் எனக்கும் கல்யாணத்திலிருந்தே பேச்சு இல்லை. கூப்பிடாத வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன். பேத்தியைப் போனில் பார்த்ததோடு சரி. ஆனால் பந்தயத்தில் ஓடுகிறவளை ஏன் வந்தாய் என்று யார் கேட்க முடியும்?

ஜனவரி 9, வெள்ளி
சுகன்யா போன். கிசுகிசுப்பாக.
"துணி காயப்போடற மாதிரி பாப்பாவத் தூக்கிக்கினு மாடிக்கு வர்றேன்மா. ரொம்ப நேரம் நிக்க முடியாது, அத்தை கூப்டுவாங்க. கரெக்டா எத்தினி மணிக்கு வருவ?"
எனக்கெப்படித் தெரியும்? பத்து ஓடியதே இல்லை. ஐந்துதான், போன வருடம், முப்பத்தெட்டு நிமிடம்.
கூட ஓடும் பாங்க் சேகர் சாரிடம் கேட்டேன். "அத்த டபுள் பண்ணி மேல மூணு நிமிஷம் போடுங்க மேடம். போகப் போக கால் சோரும்ல." போன் ஆப்பும் அதையே சொன்னது. ஆறே காலுக்குத் தொடக்கம். அவள் தெருவுக்கு ஏழு இருபது. சொல்லிவிட்டேன்.

ஜனவரி 10, சனி
ஷூ கழுவினேன். சிவப்பு பனியன், மேலிருந்து தெரியும். வாங்க: வாழைப்பழம், ஊக்கு. பாப்பாவுக்கு ஒன்றும் வேண்டாம், கொடுக்க முடியாது.
பக்கத்து வீட்டில் பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள். ஒரே கூச்சல். பொறாமை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஜனவரி 11, ஞாயிறு
முதல் பஸ். நல்ல குளிர். போன வருடக் கால் வேறு, இந்த வருடக் கால் வேறு போல. அவள் தெரு முனைக்கு வந்தபோது கடிகாரத்தில் ஏழு பன்னிரண்டு. மாடியில் வெறும் கொடி.
குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தேன். கட்டினேன். மறுபடி அவிழ்த்தேன். எல்லாரும் தாண்டிப் போனார்கள். சேகர் சாரும். "இன்னா மேடம், நல்லா போய்க்கினு இருந்தீங்களே! எழுந்து வாங்க, டைம் போவுது!"
போகட்டும்.
ஏழு இருபது. மாடியில் ஈரப் புடவை ஒன்று விரிந்தது. எழுந்து ஓடினேன்.
"ஆயா ஓடியாருது பாரு!" சுகன்யா சத்தமாகவே சொன்னாள். கீழே கேட்டிருக்கும். இடுப்பில் பேத்தி, கையில் துணிக் கிளிப். பாப்பா சிரிக்கவில்லை, முறைத்தாள். என் நெற்றி அவளுக்கு. போனில் தெரிந்ததே இல்லை. நிற்கவில்லை நான். சின்னத் தெரு, முடிந்துவிட்டது.

சாயங்காலம் மெசேஜ்: "சொன்ன டைமுக்கு டாண்ணு வந்துட்டியேமா!" கணக்கு தப்புமா என்று பதில் போட்டேன்.
இன்றைய நேரத்தைப் போடச் சொல்கிறது ஆப், அடுத்த ஓட்டத்தைக் கணிக்க. போடவில்லை. அடுத்தது இங்கே திண்டிவனத்தில். பாதை என் வீட்டு வழியாக. எத்தனை மணிக்குப் போனால் என்ன.