சாப்பிடக் கூப்பிடும் வைஃபை

என்னங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. ஆபீஸ் போய்விட்டு இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

புது வைஃபை பெட்டி மாட்ட ஆள் வருவார். உயரத்தில் மாட்ட விடாதீர்கள். பழையது மாதிரியே சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், சுவிட்ச் உங்களுக்கு எட்டும்படி இருக்கட்டும்.

நேற்று ராத்திரி தட்டு வைத்துவிட்டு நீங்கள் வைஃபையை அணைத்ததும், "மீட்டிங் பாதியில கட்டாயிடுச்சு, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்திவிட்டேன். நீங்கள் பாப்பாவின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் சாப்பிட வராதவள், நெட் போனால் மட்டும் "அப்பா, ஏம்ப்பா இப்படிப் பண்றே!" என்று ஓடி வருவாள். அவள் இறந்துவிட்டது நமக்குத் தெரியும். உங்கள் கைக்கு இன்னும் தெரியவில்லை.

சாவி செருப்பு அலமாரி மேல்.

இன்னொன்று. இனி என் ராத்திரி மீட்டிங்கெல்லாம் அவள் அறையில்தான். கதவைச் சாத்திக்கொள்வேன், தட்டாதீர்கள். சாப்பாடு எடுத்து வைத்ததும் வைஃபையை அணையுங்கள். கத்திக்கொண்டே ஓடி வருகிறேன்.