அப்பா படத்துக்குக் காகிதம்

சத்தியா,

அப்பா காரியத்துக்கு வைக்கும் படத்துக்கு வேறு காகிதம் வாங்க ராசா கடைக்குப் போகிறேன். சாதாரணத் தாளில் மை ஊறி முகம் கலங்கிவிட்டது. பளபளப்புக் காகிதத்தில் விளக்கு வெளிச்சம் அடித்துக் கண்ணே தெரியவில்லை. பளபளப்பில்லாத, கெட்டியான ஃபோட்டோ பேப்பர்தான் சரி.

ரசம் அடுப்பில் இருக்கிறது. அம்மாவைச் சாப்பிட வை, நீயும் சாப்பிடு.

“படத்துல அப்பா தோள்ல இருக்கிற என் கைய அழிச்சிடுக்கா. கடைசில அவரப் பிடிக்க வராத கைதானே அது” என்று நேற்று அழுதாய். நீ சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்வதற்குள் அவர் போய்விட்டார். அது உன் தப்பில்லை.

மாதவி அக்கா

இன்னொன்று, தம்பி. கம்ப்யூட்டரில் அழித்துப் பார்த்தேன். உன் கை இல்லாமல் அப்பா எதற்குச் சிரிக்கிறார் என்றே தெரியவில்லை. உன் கையோடு அப்படியேதான் பிரிண்ட் எடுக்கப் போகிறேன்.