நெஞ்சுல கட்டியிருக்கு

அக்கா,

லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான என் காம்பராவின் சன்னலோரத்தில் ஒரு பாணி மருந்துப் போத்தல் நிற்கிறது. மூடியைச் சற்றே திருகினாலும் தித்திப்பும் கற்பூரமும் கலந்த மணம் எழுகிறது. அதை முகர்ந்ததும் மூடியை இறுக்கிவிடுகிறேன். இருமலுக்குக் கொடுக்கும் சாதாரண மருந்துதான். ஆயினும் இதை உங்கள் மகள் தர்ஷினியின் அலமாரித் தட்டிலிருந்து, அவளுடைய அனுமதியைக் கேளாமலே எடுத்து வந்துவிட்டேன்.

சென்ற வாரம் ஒரு நாள், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இரவு வேலை முடித்து அவள் திரும்பியிருந்த காலையில், அவளைப் பார்க்கப் போயிருந்தேன். போத்தல் கண்ணில் பட்டது.

“இருமலா புள்ள?”

“இல்லையே சித்தி.”

“அப்போ இது யாருக்கு?”

“எனக்குத்தான். நெஞ்சுல கட்டியிருக்குன்னு டிஸ்பென்சரியில சொன்னேன். சளிதான், பாணியக் குடின்னாங்க. குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன், கரையவே மாட்டேங்குது.”

சொல்லிக்கொண்டே அவள் கூந்தலை முடிந்தாள். எனக்கோ உட்காரவும் இயலவில்லை, நிற்கவும் இயலவில்லை. உங்கள் வாயிலிருந்து வந்த அதே சொற்கள். உங்களுக்குக் கிடைத்த அதே மருந்து.

நம் பெண்கள் மார்பகத்தை நெஞ்சு என்றே சொல்லிப் பழகியவர்கள். வேறு சொல் வாயில் வந்தால் நாக்கு கூசுமாம். ஒருத்தி கூசியபடி, நெஞ்சில் கட்டி இருக்கிறது என்று முனகினால், கேட்பவர் காதில் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று விழுகிறது. கட்டி என்னும் பெயர்ச்சொல்லும் கட்டி என்னும் வினையெச்சமும் எழுத்திலும் ஒலியிலும் ஒன்றே. இலக்கணத்தில் இதை நான் ஓர் அழகாகக் கருதி வியந்ததுண்டு. அது ஓர் உயிரைக் கொண்டுபோகக் கூடிய அழகு என்பதை உங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

ஸ்டோரில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்து இருமாத பெண் யார்? தேயிலைத் தூசி நம் இமைகளிலும் படிந்திருக்கும். ஆகவே, நீங்கள் மருந்துக்குப் போன அன்று டிஸ்பென்சரியில் இருந்தவர் வேறொன்றையும் எண்ணாததில் வியப்பில்லை. நீங்கள் சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னீர்கள். அவர் உங்கள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு மருந்து ஊற்றிக் கொடுத்தார். இதை நீங்களே பின்னர் எனக்கு நடித்துக் காட்டினீர்கள், சிரித்துக்கொண்டே.

எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்லும் வழக்கம் உங்களுக்கு. ஆண்கள் கொழும்பை நோக்கிப் போய்விட, ஸ்டோரின் இரவு வேலைக்குப் பெண்களை அழைத்தபோது முதலில் பெயர் கொடுத்தவர் நீங்கள். உங்கள் பின்னால் வந்தவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கடையில் சாமான் சுற்றித் தரும் தாள்களைப் படித்தே தமிழ் கற்றவள் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. அந்தப் பெருமையை நீங்கள் ஒரு நாளும் சும்மா விட்டதில்லை. இடைவேளையில் “தேநீர் அருந்துவோமா அக்கா?” என்று நான் கேட்டால், சுற்றியிருப்பவர் எல்லாருக்கும் கேட்கும்படி, “அடியாத்தி, ரேடியோ பேசுது! வாங்க பண்டிதரம்மா, பிளேன்டீ குடிப்போம்” என்பீர்கள். கோபம் வரும். அடுத்த நாளும் வேண்டுமென்றே அப்படித்தான் கேட்பேன்.

நாம் இழந்த உறக்கத்தை அப்போது எவரும் கணக்கில் எடுத்ததில்லை. பகலில்தான் வீட்டில் இருக்கிறீர்களே என்றார்கள். பகலில் எங்கே உறங்கினீர்கள்? கொழுந்து பறித்த காலத்தில் மழைக்குப் போர்த்திய கறுப்புக் கம்பளியைச் சன்னலில் தொங்கவிட்டு, காம்பராவை இருட்டாக்குவீர்கள். இருட்டாக்கிய சற்று நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்துவிடும், குடத்துடன் ஓடுவீர்கள். பிறகு தர்ஷினி பள்ளியிலிருந்து வருவாள். அடுத்த காம்பராக்காரி வேலிக்கு அப்பால் நின்று, “மகாராணிக்கு இன்னும் விடியலையா?” என்பாள். “கோழி கூவுனப்புறம் படுத்து, ஆந்தை முழிக்கிறதுக்கு முன்னால எந்திரிக்கிறவ நான். எனக்கு எதுக்குடி விடியணும்?” என்று உள்ளிருந்தே பதில் கொடுப்பீர்கள்.

பாணி தீர்ந்தது. கட்டி கரையவில்லை. வலிக்கவில்லை என்பதால் நீங்கள் பொருட்படுத்தவுமில்லை. “நோவுனாத்தானே நோய்?” என்றீர்கள். அக்குளிலும் நெறி கட்டி, கையை உயர்த்திச் சல்லடையைப் பிடிக்க முடியாமல் போன பிறகே என்னிடம் முழுவதையும் சொன்னீர்கள். நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்து மஹரகம புற்றுநோய் மருத்துவமனைக்கு எழுதினார்கள். மஹரகம என்பது ஓர் ஊரின் பெயர். நம் லயங்களிலோ அது ஒரு நோயின் பெயர். பேருந்தில் திரும்புகையில் அந்தப் பெயரை நாம் இருவருமே உச்சரிக்கவில்லை.

நுவரெலியாவில் உங்களைச் சோதித்த மருத்துவர் யாழ்ப்பாணத்துப் பெண். எத்தனை காலம் இரவு வேலை என்று விசாரித்தார். நான் உடனே, அதனால்தான் வந்ததா என்று கேட்டேன்.

“ராவு வேலையாலதான் வந்ததெண்டு சொல்லேலாதம்மா. கனகாலம் ராவில முழிச்சு வேலை செய்யிற பொம்பிளையளுக்கு இந்த ஆபத்துக் கூடலாம் எண்டு ஒரு சந்தேகம் இருக்கு. ஆராய்ச்சி செய்யினம். முடிவா இன்னும் ஒருத்தரும் சொல்லேல்ல. இவவுக்கு ஏன் வந்ததெண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது.”

நீங்கள் மெல்லக் கேட்டீர்கள்: “அப்போ இனிமே நல்லாத் தூங்குனா, பழசெல்லாம் கழிஞ்சிருமா டாக்டர்?”

அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு என்னோடு தங்கிவிட்ட சொல், கூடலாம் என்பது. ஆம் என்றிருந்தால் நான் ஸ்டோர் வாசலில் நின்று சண்டையிட்டிருப்பேன். இல்லை என்றிருந்தால் நிம்மதியாகப் படுத்திருப்பேன். கூடலாம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள்? குளிக்கும்போதெல்லாம் தன் உடலைத் தானே சந்தேகிப்பாள். நான் இரவு வேலையை விட்டு நெடுநாளாகியும் அதைத்தான் செய்துவந்தேன். உங்கள் மகளோ, கணவன் கொழும்பில் இருக்க, பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் இடத்திலேயே போய் நின்றாள். உங்கள் கம்பளியே அவள் சன்னலிலும் தொங்குகிறது.

போத்தலைக் கைப்பற்றிய அன்றே அவளை அழைத்துப் போக முயன்றேன். “வலிக்கல சித்தி, எதுக்கு லீவு போட்டுக்கிட்டு?” என்றாள். உங்கள் மகள் அல்லவா! நாள்தோறும் போய் வாசலில் உட்கார்ந்தேன். ஒருவழியாக இன்று காலை தலவாக்கலையில் பஸ் ஏறினோம்.

“அங்கே போய் என்ன சொல்லுவாய்?” என்று கேட்டேன்.

“நெஞ்சுல…”

“அந்தச் சொல் வேண்டாம். மார்பகம் என்று சொல்.”

“சித்தி! பஸ்ஸுல போயி இதெல்லாம்…”

“மெதுவாகச் சொல்.”

“மா… அய்யோ, முன்னால ஒரு தாத்தா இருக்காரு!”

“அவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். சொல்.”

நானுஓயாவைத் தாண்டும் வரை அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். நான் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டே இருந்தேன்.

நுவரெலியாவில் இம்முறை இருந்தவர் ஒரு சிங்களப் பெண் மருத்துவர். பழகிய தமிழில் பேசினார். “என்ன வருத்தம்? இருமல் இருக்கா?” என்று கேட்டபடியே குழாயைக் காதில் மாட்டினார். தர்ஷினி தரையைப் பார்த்தாள். தலைப்பை இழுத்து மூடினாள். உங்களையே பார்ப்பதுபோல் இருந்தது, அக்கா. பிறகு அவள் தலையை நிமிர்த்தினாள்.

“இருமல் இல்ல மிஸ். சளியும் இல்ல. இடது பக்கம் மார்பகத்துல கட்டி. கையில தட்டுப்படுது.”

மருத்துவர் குழாயைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த ஒரு செயலுக்காகத்தான் நான் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தேன் போலும்.

அவளைச் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சிறிது எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எல்லாக் கட்டியும் அந்த நோயாக இருப்பதில்லை, நேரத்தோடு வந்தது நல்லது என்றார் மருத்துவர். அந்த வாக்கியத்தை எத்தனை விதமாகப் பிரித்துப் பொருள் கொண்டாலும் எனக்கு அமைதி வரவில்லை. முடிவு வரும்வரை வராது.

புறப்படும் வேளையில் அவர் என்னைப் பார்த்தார். “அம்மாவும் இரவு வேலையா?”

“பல்லாண்டுகள் பணியாற்றியுள்ளேன்.”

“அப்ப நீங்களும் வாங்க.”

நான் தயங்கினேன். ஊருக்கெல்லாம் சொல்லைக் கற்பித்தவளுக்கு ரவிக்கைக் கொக்கியில் கை போகவில்லை. பின்னாலிருந்து தர்ஷினி என் தோளைத் தள்ளினாள். “போங்க பண்டிதரம்மா, போங்க.”

அந்தப் பெயரால் என்னை நீங்கள் போன பின் எவரும் அழைத்ததில்லை. சிறுமியாய் இருந்தபோது கேட்டதை மனத்தில் வைத்திருக்கிறாள். எழுந்து உள்ளே போனேன். இப்போதைக்கு எனக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த நிம்மதியை அவள் முன்னால் காட்ட வெட்கமாக இருந்தது.

இன்று மாலையும் அவள் வேலைக்குப் புறப்பட்டாள். பகல் வேலைக்கு மாற்றும்படி கேட்டிருக்கிறாள், பார்ப்போம் என்றார்களாம். சன்னலருகே அமர்ந்து இதை எழுதும்போதே பெண்கள் கூட்டமாக, என் சன்னலுக்குக் கீழே ஸ்டோர்ப் பாதையில் ஏறினார்கள். தர்ஷினியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

“ஏ லெச்சுமி, நேத்து நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னியே, எந்த நெஞ்சுடி? சளி நெஞ்சா, மார்பகமா?”

“சீ, வாய மூடு! பின்னால ஆம்பளைங்க வர்றாங்க.”

“வரட்டும். நீ சரியாச் சொல்லு. இல்லாட்டி எங்க சித்தி ஒன்னைய பஸ்ஸுல ஏத்திப் பாடம் நடத்தும்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டோரின் சங்கு ஊதியது. சிரிப்பு அடங்கியதும் லெச்சுமி மட்டும் நின்றுவிட்டாள். இருபுறமும் பார்த்துவிட்டு, தர்ஷினியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். தர்ஷினியின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. அவள் திரும்பி என் சன்னலைப் பார்த்தாள்.

“சித்தி, கொஞ்சம் கீழ வாங்க.”

போகிறேன், அக்கா. உங்கள் வாயில் கடைசிவரை வராத அந்தச் சொல் என்னிடம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போகிறேன்.