நீ போட்ட வட்டங்கள்

அன்பு மகளே, அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

நாலு மாதமாகப் போனில் உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்துவந்தோம், கோபப்படாதே. பக்கவாதத்தில் மடங்கிப்போன அம்மாவின் இடது கையில், விரலை விரிக்கவைக்கும் கரண்ட் பெட்டியின் பேடை ஒட்டும் இடம் தெரிவதற்காக, நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பிசியோதெரபிஸ்ட் காட்டின இடத்தில் பேனாவால் இரண்டு வட்டம் போட்டாயே, அங்கே ஒட்டிப் பெட்டியைத் திருகினால் ஐந்து விரலும் விரிந்தன. ஆனால் குளித்தால் மை மங்கிவிடும். அழியவும் விடமாட்டாள், எம்பொண்ணு போட்டது என்பாள். அதனால் தினமும் அதன் மேலேயே நான் ஒரு சுற்று வரைந்துவிடுவேன். வரவர விரல் அசையவில்லை, மணிக்கட்டு மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. கரண்ட் வரும்போது நீயும் சேர்ந்து விரிக்கணும்னு அந்தம்மா சொன்னாங்களே, நீ மனசே வைக்கமாட்டேங்கிறே என்று அவளைத் திட்டினேன், பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். இனி அவ்வளவுதான் என்று இரண்டு பேரும் உள்ளுக்குள் முடிவு கட்டிவிட்டோம். நீ கிளம்பும்போது உன் முகத்தை அவளால் ஒரு கையால்தான் பிடிக்க முடிந்தது, அடுத்த தடவை இரண்டு கையாலும் பிடிப்பேன் என்றிருந்தவள் உன் போட்டோ பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிரசவ விடுப்பு முடிந்து, போன வியாழக்கிழமைதான் அந்தப் பிசியோதெரபிஸ்ட் மறுபடி வந்தார். கையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். வட்டம் முழங்கைப் பக்கமா மூணு விரக்கடை நடந்து போயிருக்கே சார் என்றார். தினம் நூலளவு பிசகியிருக்கிறேன். முப்பது வருஷம் கட்டடங்களுக்கு வரைபடம் போட்ட கை என்று பீற்றிக்கொண்டவன், என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? அவர் மையைத் துடைத்து, பேடை நகர்த்தி நகர்த்திப் பழைய இடத்தைக் கண்டுபிடித்தார், விரல்கள் விரிந்தன. அம்மா சந்தோஷப்படவில்லை, உன் வட்டம் போய்விட்டதென்று அழுதாள். நான் பேனாவை எடுத்ததும் பிடுங்கி, நீங்க தொடாதீங்க என்று வலது கையால் தானே வரைந்தாள். கோணல்தான், ஆனால் இடம் தப்பவில்லை. நேற்று கரண்டை நிறுத்தின பிறகும் சுண்டுவிரல் மட்டும் கொஞ்ச நேரம் மடங்காமல் நின்றது. போன்ல சொல்லிடாதீங்க, அவ வந்து பாக்கட்டும் என்றாள். போனில் நான் சொல்லவில்லை, பார்.

நீ இல்லாமல் வீடு வீடாக இல்லையம்மா. உன் அறை விளக்கை அவள் தினமும் ஒரு தடவை போட்டு அணைக்கிறாள். நோய்நொடி இல்லாமல் நல்லா இரு, எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு. லீவு கேட்க மறந்துவிடாதே. ஒரு நடை வந்து அவளிடம் உன் முகத்தைக் கொடு, சுண்டுவிரல் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
கோடு தவறிய உன் அப்பா