மாலை கழற்றிய அன்று

அப்பா,

இன்று காலை அம்மா அண்ணன் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டாள். துளசிமணியும் சந்தனமும் பாலும் கலந்த அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். மற்ற வீடுகளில் அது சபரிமலைக்குப் போய் நல்லபடியாகத் திரும்பிய வாசனை. நம் வீட்டில் அது நீ மறுபடியும் குடிக்கப் போன நாளின் வாசனை. அண்ணன் போட்டிருந்ததும் உன் மாலைதான்.

உனக்காக அந்தக் கூட்டத்தைத் தேடிப் பிடித்தவள் நான். குடியை விட்டவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, செங்கல்பட்டில் ஓர் இடம் சொன்னேன். "அங்க பாதிப் பேரு நம்ம ஊரு ஜனம்தான், மானம் பூடும்" என்றாய். திருக்கழுக்குன்றத்துக்காரர் யாரும் வராத இடமாகக் கேட்டாய். கடைசியில் மாமல்லபுரத்தில் ஒன்று கிடைத்தது. போனில் ஒருவர், "போர்டு இருக்காதும்மா. மாதா கோயிலுக்குப் பின்னால வா, எந்த ரூமு வாசல்ல செருப்பு ரொம்ப கெடக்குதோ, அதான்" என்றார்.

செருப்புகளைக் கண்டுபிடித்தோம். நீ வண்டியை விட்டு இறங்கினாய், ஆனால் ஹெல்மெட்டை மட்டும் கழற்றவில்லை. கண்ணாடி கீறிய அந்தச் சிவப்பு ஹெல்மெட்டோடு, பேங்க்கில் கொள்ளையடிக்கப் போகிறவன் மாதிரி வாசலில் போய் நின்றாய். உள்ளேயிருந்து ஒரு குரல், "ஹெல்மெட்ட கயட்டிட்டு வா அண்ணாத்த, இங்க போலீஸு யாரும் இல்ல" என்றது. கழற்றினாய். எதிரே உட்கார்ந்திருந்தவர் நம் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன். உன்னைப் போலவே ஊருக்குத் தெரியக்கூடாதென்று அவ்வளவு தூரம் வந்தவர்! அன்று வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாய். அந்தச் சிரிப்புக்காக உன்னை எத்தனை முறை வேண்டுமானாலும் அங்கே கூட்டிப்போயிருப்பேன்.

கார்த்திகை வந்தது. மாலை போட்டாய். நாங்கள் உன்னைச் சாமி என்று கூப்பிட்டோம். கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாய். "சாமிக்கு எதுக்கு மீட்டிங்? மாலை போட்டா தன்னால வுட்டுர்றேன்ல? அப்ப நான் இன்னா குடிகாரனா?" உன்னை ஏமாற்றியது சாராயம் இல்லை அப்பா, அந்தக் கேள்விதான். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கிளம்பிப் போனாய். சித்திரை பிறக்கும்போது நீ இல்லை, உன் படத்துக்குப் பூ போட்டோம்.

இந்த வருடம் அண்ணன். சிறுசேரி ஆபீஸுக்குக் கேப் ஓட்டுகிறான். ஐப்பசி முழுக்கக் குடித்தான். குடித்துவிட்டு ஸ்டியரிங் பிடித்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள், பயந்துபோய் மாலை போட்டான். கூட்டம் நடக்கிற கிழமையும் மாலை கழற்றுகிற நாளும் இன்று ஒன்றாக வந்தன. இன்றே அவனைக் கூட்டிப்போகிறேன் என்றேன். "மாலை கயட்ன அன்னிக்கேவா? ஊரு இன்னாடி சொல்லும்?" என்றாள் அம்மா. ஊர் என்ன சொன்னாலும் சரி, இன்னொரு படத்துக்குப் பூ போட என்னால் முடியாது. அண்ணனிடம், "மாமல்லபுரம் வரைக்கும் வுடு" என்று மட்டும் சொன்னேன். எங்கே என்று அவனுக்குத் தெரியும். உன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

ஒயின்ஷாப் இருக்கிற வளைவில் வண்டி மெதுவானது. நின்றது.

"தண்ணி பாட்ல் வாங்கியாரேன்."

"பையில தண்ணி கீது."

"தோ பாரு, மாலை போட்டு வுட்டேன்ல? நான் இன்னா குடிகாரனா?"

அதே உன் கேள்வி. கடை வாசலிலிருந்து யாரோ, "மச்சான், மாலை கயட்டியாச்சா? வா வா" என்று கூப்பிட்டார்கள். அண்ணன் ஒரு காலைக் கீழே ஊன்றினான். அவன் சட்டையைப் பிடித்து இழுக்கவேண்டும் போலிருந்தது. இழுத்தால் நிச்சயம் போய்விடுவான், உன் பிள்ளையாயிற்றே.

"அப்பாவும் இத்தான் சொல்லிச்சு," என்றேன். "போறதுன்னா போ. அப்பா ஹெல்மெட்ட என் கைல குட்த்துட்டு போ."

தாடைக்குக் கீழே ஹெல்மெட் பட்டை மேல் கையை வைத்தான். வைத்தபடியே நின்றான். கடை வாசலிலிருந்து இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். எனக்கு உன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பிறகு அவன் கை இறங்கியது. வண்டியைக் கிளப்பினான்.

மாதா கோயில் பின்னால் செருப்புகள் அப்படியே கிடந்தன. அண்ணன் ஹெல்மெட்டோடு வாசலில் போய் நின்றான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. உள்ளேயிருந்து அந்த எலக்ட்ரீஷியன் எழுந்து வந்தார்.

"இந்த ஹெல்மெட்ட எனக்குத் தெரியும்," என்றார். "கயட்டிட்டு வா தம்பி."

அண்ணன் கழற்றினான். திரும்பி வந்து என்னிடம் கொடுத்தான். முகமெல்லாம் ஈரம். "முடியற வரைக்கும் இங்கியே இரு, பூடாத," என்றான்.

இதை அந்த அறைக்கு வெளியே படியில் உட்கார்ந்து போனில் எழுதுகிறேன். உள்ளே அண்ணன் தன் பெயரைச் சொல்கிறான், குரல் அச்சு அசல் உன் குரல். ஹெல்மெட்டுக்குள் இன்னும் உன் தலை எண்ணெய் வாசனை இருக்கிறது. மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரமும் அவன் இதை மாட்டிக்கொண்டு வரட்டும், இந்த வாசலில் நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.