போகன்விலாவுக்குத் தண்ணி வேணாம்

நதீஷா அப்பா,

அக்காவுக்குக் காய்ச்சலாம். பிலிமத்தலாவைக்குப் போறேன், பின்னேரம் அஞ்சு மணி பஸ்ல வந்துருவேன். சோறும் பருப்பும் அடுப்பு மேல இருக்கு. கருவாட்டுச் சட்டிய மூடி வைங்க, பூனை சுத்திக்கிட்டு இருக்கு.

வாசல்ல இருக்கிற போகன்விலாவுக்குத் தண்ணி ஊத்தாதீங்க. அது காஞ்ச மண்ணுலதான் நல்லாப் பூக்கும்னு செடி வித்தவரு உங்க முன்னாலதான் சொன்னாரு. நீங்க வாளி வாளியா ஊத்தி ஏற்கனவே ரெண்டு செடிய அழுக வச்சிட்டீங்க. கேட்டா, "கண்டி மழையில நனையாத செடியா?"ன்னு என்கிட்டயே சண்டைக்கு வர்றீங்க.

கண்ணாடி போடுங்கன்னு சொன்னதுக்கு மூணு நாளா என்கூடப் பேச்சில்ல. ஆனா காலையில அந்தச் செடிகிட்ட, "கவலப்படாத, உனக்கும் ஒரு நாளைக்கு வண்ணத்துப்பூச்சி வரும்"னு சொன்னது குசினியில சமைச்சுக்கிட்டிருந்த எனக்குக் கேட்டுச்சு.

உங்க அனற்

கீழ இடம் இல்ல, ஓரத்துல எழுதுறேன். வேணும்னேதான் பொடி எழுத்து. இத வாசிக்கக் கண்ணாடி போட்டிருப்பீங்க. கழட்டாம வாசலுக்குப் போய்ப் பாருங்க. ரெண்டு கிழமையா நீங்க தண்ணி ஊத்துறது பிளாஸ்டிக் செடிக்கு. நெசச் செடிய அழுகாம இருக்க நான்தான் பக்கத்து வீட்டு மதில் மேல மாத்தி வச்சேன், பூவும் வண்ணத்துப்பூச்சியுமா இருக்கு.

அந்தப் பிளாஸ்டிக் செடிகிட்டச் சொன்ன ஆறுதல, பின்னேரம் வந்ததும் எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க.