ஜப்பான்காரருக்குப் போட்ட பதில்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

எங்க வீட்டுக்காரவிய தவறி இன்னைக்கு முப்பதாம் நாள். அவிய மேஸ்திரியா இருந்த ராஜபாளையம் மில்லுக்கு மிசின் பூட்ட வந்த ஜப்பான்காரர் துக்கம் கேட்டு எழுதியிருந்தார். ஜப்பான் பாஷை படிச்ச மக சுகந்தி பதில் எழுத உக்காந்தா.

"அப்பாவை 'ஹார்டு'ன்னு மொதல்ல இங்கிலீசுல எழுதினேம்மா. அந்த ஒரு வார்த்தைக்கு ஜப்பான் பாஷையில கண்டிப்பு, பிடிவாதம், ஈவிரக்கமில்லாததுன்னு தனித்தனி வார்த்தை இருக்கு. கடைசியத்தான் போட்டிருக்கேன்."

"ஏட்டி, துப்பட்டாவை இழுத்துக் கட்டாத பிள்ளையள மிசின்கிட்ட விடாம வீட்டுக்கு விரட்டுவாக. அம்புட்டுப் பேரும் அவியள வைதாளுக. அவிய ஷிப்டுல ஒருத்திக்காவது விரல் போச்சா? கண்டிப்புன்னு போடு."

"அப்பா என்னைய வைததெல்லாம்?"

"அதை எங்கிட்டச் சொல்லி அழு. ஊரான்கிட்டச் சொல்லாத."

மாத்தினா. அந்த எழுத்து எனக்கு ஒண்ணும் புரியாது. ஆனாலும் பழசை அழிக்கிறவரைக்கும் பக்கத்துலயே நின்னேன்.